வலது முன்சக்கரம்

நாஸிப்ரோலா சக்கரத்தைப்
போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தாள்,
காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிவருவதுபோல.
ருஸ்தாவியில் அன்றைக்குப் பேய்க்காற்று.
தகரக் கதவுக்கு இரண்டு செங்கல்
முட்டுக்கொடுத்திருந்தோம்.

"வெள்ளிக்கிழமை அவர் வந்துவிடுவார்" என்றாள்.
அவர் என்றால் முர்மான்.
சரக்கு ஏற்றிக்கொண்டு துருக்கி போயிருக்கிறான்.
மருந்துக்கடை வாசலில்
நடைபாதைக் கல் தானாக வந்து உரசியதாம்.
எல்லாக் கல்லும் அப்படித்தான்.
பதினோரு வருடத் தொழிலில்
நின்ற இடத்தில் நின்ற கல் ஒன்றை
நான் கேள்விப்பட்டதே இல்லை.

விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு
அலுமினியம் பல்லைக் காட்டியது.
மருந்து தெளித்ததும்
பிரேக் தூசி கரைந்து
ஊதா ஊதாவாக ஒழுகியது.
அவள் பயந்து எழுந்துவிட்டாள்.
"ஒன்றுமில்லை, அழுக்குதான்" என்றேன்.

இருநூற்று நாற்பதாம் நம்பர் தாள்,
பிறகு நானூறு,
தண்ணீர் தொட்டுத் தொட்டு.
இந்த வேலைக்குக் கண் உதவாது.
கண் விட்டுக்கொடுக்கும்
விரல் விடாது.
பிசிறு ஒன்று நகக்கண்ணில் ஏறியது,
சப்பித் துப்பிவிட்டுத் தேய்த்தேன்.

வெள்ளிக்கு அடியில்
ஒரு பச்சை தெரிந்தது.

பிறை அளவுக்கு, லேசான பச்சை.
எனக்குத் தெரியும் அந்தப் பச்சையை.
இரண்டு குளிர்காலம் முன்னால்
ஜெமால் மலிவாகக் கிடைத்ததென்று
ஒரு பெட்டி பட்டி வாங்கிவந்தான்.
காய்ந்தால் பாசி நிறம்.
அதைப் பூசியவள் நான்.
சக்கரத்தைக் கொண்டுவந்தவன் முர்மான்.
கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு,
இதே வாசலில், சிகரெட்டும் கையுமாக:
"அவள் அம்மா வீட்டிலிருந்து வருவதற்குள் முடியுமா?
கல் தானாக வந்து…"

"ஏன் நிறுத்திவிட்டாய்?" என்றாள் நாஸிப்ரோலா.
"தாள் தேய்ந்துவிட்டது."
ஜெமால் என்னைப் பார்த்தான்.
புதுத் தாள் எடுத்துக்கொண்டேன்.

பழைய பட்டியைச் சுரண்டவில்லை.
கெட்டியாகத்தான் இருந்தது,
என் கை வேலை ஆயிற்றே.
அவன் பச்சையின் ஓரத்திலிருந்து
அவள் சாம்பல் நிறத்தைத் தொடங்கினேன்.
காய்ந்தபின் எண்ணூறால் ஓர் இழுப்பு.
எது யாருடையது என்று
இப்போது என் விரலுக்கே தெரியாது.

டயரில் பெயிண்ட் படாமலிருக்க
விளிம்புக்கும் ரப்பருக்கும் இடையில்
சீட்டுக்கட்டைச் செருகுவோம்.
முப்பத்தாறு சீட்டும்
சக்கரத்தைச் சுற்றி நிமிர்ந்து நின்றன,
ராஜாக்களும் ராணிகளும் தலை மட்டும் வெளியே.
வெள்ளி மூன்று மெல்லிய பூச்சு.
ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம்.
அவள் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
சூரியகாந்தி விதை கொறித்தாள்.
வார்னிஷுக்குக் காத்திருக்கத்தான் அவளால் முடியவில்லை.
"தொட்டால் ரேகை விழும்" என்றேன்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

நாற்பதுதான் கேட்டேன்.
ஐம்பது வைத்தாள்,
ஒன்றும் சொல்லாமல்.
அவனும் ஐம்பதுதான் வைத்தான்.

சனிக்கிழமை மாலை
அதே சீட்டுகளில் ஜோக்கர் ஆடிக்கொண்டிருந்தோம்,
நான், ஜெமால், வெல்டிங் கடை வெப்க்கியா.
எல்லாச் சீட்டிலும் வெள்ளிக் கறை.
இஸ்பேட் ஆறில் ஒரு சொட்டு,
ஆர்ட்டின் ராணிக்கு மூலையில் ஒரு கீற்று.
முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்
யார் கையில் என்ன என்று.
ஆனாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு
முகத்தை இறுக்கி
யோசித்து யோசித்துத்தான் இறக்குகிறோம்.

எதிர்ச்சாரியில் அந்தக் கார் வந்து நின்றது,
நடைபாதையிலிருந்து ஒரு முழம் தள்ளி.
அவள் ரொட்டி வாங்க உள்ளே போனாள்.
முர்மான் இறங்கினான்,
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தான்,
வலது முன்சக்கரத்துக்கு முன் குந்தினான்.
பெருவிரலால் விளிம்பைத் தடவினான்,
சரியாக அந்த இடத்தில்.

நிமிர்ந்து என்னைப் பார்த்துத்
தலையை ஆட்டினான்.
இன்னும் தாக்குப்பிடிக்கிறதே என்கிற மாதிரி.

நானும் ஆட்டினேன்.

"லமாரா" என்றான் ஜெமால்,
"ராணியை எத்தனை நேரம்தான் வைத்திருப்பாய்,
இறக்கு."